புகைபோக்கி இல்லாத ஆலைகள்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தவர்கள், ஆமத்தூர் வட்டாரத்தில் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கரிசல் நிலத்தின் நடுவே கம்பிவேலி, வேலிக்குள் ஒன்றையொன்று தீண்டாத தொலைவில் நிற்கும் சிறுசிறு அறைகள், இடையிடையே வேப்பமரங்கள். நூறு பேர், இருநூறு பேர் உள்ளே பணிசெய்துகொண்டிருப்பர். ஆயினும் இயந்திர ஓசை எழுவதில்லை. வானத்தை நோக்கி ஒரு புகைபோக்கியும் நிற்பதில்லை.

இளங்கலை மாணவர் அனைவருக்கும் கட்டாயப் பாடமாகிய சுற்றுச்சூழல் கல்வியைத் தமிழ்த்துறை ஆசிரியர்களாகிய நாங்களே நடத்த நேர்ந்த ஓராண்டில், மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்து வினவினார்: "ஐயா, சிமெண்டு ஆலையில் புகை வருகிறது, சாயப்பட்டறையில் தண்ணீர் கெடுகிறது. பட்டாசு ஆலையில் ஒன்றுமே வருவதில்லையே! அங்கே சுற்றுச்சூழல் மேலாண்மை என்று எதைச் செய்வார்கள்?" அவர் தாயார் பதினெட்டு ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் குழாய்க்குள் மருந்து செலுத்துபவர். வினா பாடநூலிலிருந்து வந்ததன்று என்பது எனக்கு விளங்கிற்று. அன்று என்னால் முழுமையாக விடைகூற இயலவில்லை. பின்னர்ப் படித்தும், ஆலைகளில் பணிபுரியும் பழைய மாணவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாக அவருக்கும் ஏனையோர்க்கும் கூற விழைகிறேன்.

தமிழாசிரியன் ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'சுற்றுச்சூழல்' என்பதில் சுற்று என்பதும் சூழல் என்பதும் ஏறத்தாழ ஒரே பொருளன. மீமிசை என்பது போன்ற ஒருபொருட்பன்மொழி இது எனலாம். இலக்கணம் இதனை ஏற்றுக்கொள்கிறது. 'மேலாண்மை' என்பதோ அண்மைக் காலத்தில் நிலைபெற்ற சொல்லாட்சி. அதிலுள்ள 'ஆண்மை' ஆளுந்தன்மையைக் குறிப்பது. ஒரு தொழிலகம் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் நீரையும் மண்ணையும் ஆள முடியாது. தன் செயலைத்தான் ஆள முடியும். இச்சொற்றொடரை இவ்வாறு பொருள்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

ஆலையும் சட்டமும்

நம் நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ஆம் ஆண்டிலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. 1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கொடுமைக்குப் பின்னர், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. ஆலையை நிறுவுவதற்கு ஓர் இசைவு, அதனை இயக்குவதற்கு மற்றோர் இசைவு என இரண்டு இசைவுகளை ஆலையினர் வாரியத்திடம் பெறவேண்டும். இவை வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடுகள்.

உள்ளிருந்து ஒழுங்கு செய்துகொள்ளும் முறை ஒன்றும் உண்டு. 1992இல் ரியோ நகரில் நடைபெற்ற புவி மாநாட்டிற்குப் பிறகு, உலகத் தர நிர்ணய நிறுவனம் 1996இல் ஐ.எஸ்.ஓ. 14001 என்னும் தரநெறியை வெளியிட்டது. 2004இலும் 2015இலும் அது திருத்தப்பட்டது. ஆலையிலிருந்து இவ்வளவு புகைதான் வரலாம் என்று அந்நெறி அளவு கூறுவதில்லை. உன் பணிகளுள் எவை சூழலைத் தொடுகின்றன என்று கண்டறிந்துகொள், உன்னைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைத் தொகுத்துக்கொள், குறிக்கோளை எழுதிவை, பொறுப்பாளர் யாரென்று வரையறு, செய்ததை அளந்து பதிவுசெய், தவறு கண்டவிடத்துத் திருத்து, திட்டமிட்ட கால இடைவெளிகளில் நிறுவனத் தலைவர் முன் கணக்கு வை என்பதே அது கூறும் செய்தி. திட்டமிடல், செய்தல், சரிபார்த்தல், திருத்தல் என்னும் நான்கும் சக்கரம்போல் சுழலவேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரு மாற்றங்கள் கருதத்தக்கவை. சுற்றுச்சூழலுக்கென ஒரு பிரதிநிதியை அமர்த்திவிட்டு மேலாளர்கள் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கத்திற்கு இடங்கொடாமல், பொறுப்பைத் தலைமையின் மீதே அது வைத்தது. மேலும், ஒரு பொருள் மூலப்பொருளாக வருவது முதல், பயன்பட்டுக் கழிவாவது வரையுள்ள வாழ்நாள் முழுவதையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. இவ்விரண்டாம் மாற்றத்தைப் படிப்போர் நினைவில் இருத்துக. பட்டாசுக்கு வரும்போது அது தேவைப்படும்.

பெரிய ஆலையில் இம்முறை கண்ணுக்குப் புலப்படும். விருதுநகருக்குத் தெற்கே துலுக்கபட்டியை ஒட்டிய ஆர்.ஆர். நகரில் 1960களின் தொடக்கத்திலிருந்து சிமெண்டு ஆலை இயங்கி வருவதை நாம் அறிவோம். சிமெண்டுத் தொழிலில் சுண்ணாம்புக்கல்லை அரைத்து, 1,450 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் சூளையில் சுட்டு, மீண்டும் அரைக்கின்றனர். ஒவ்வொரு படியிலும் தூசி எழும். துணிப்பை வடிகட்டிகளும் மின்விசையால் தூசியை ஈர்க்கும் கருவிகளும் அதனைப் பிடிக்கும். பிடிபட்ட தூசி குப்பைக்குச் செல்வதில்லை, மீண்டும் சரக்காகிறது. எனவே தூசியைப் பிடிப்பதில் ஆலைக்கும் ஆதாயம் உண்டு. சிமெண்டு உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலேயே அளவுகருவியைப் பொருத்தி, இடையறாது அளவை வாரியத்திற்கு அனுப்பவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் பணித்தது. பட்டம் பெற்ற பொறியாளர்கள், ஆய்வுக்கூடம், தனிப்பிரிவு ஆகியன அங்கே அமைந்துள்ளன.

பட்டாசு ஆலையின் புகைபோக்கி

இனி மாணவரின் வினாவிற்கு வருவோம். பட்டாசு ஆலைக்கும் புகைபோக்கி உண்டு. அது ஆமத்தூரில் இல்லை. சென்னைத் தெருவிலும் தில்லி மாடியிலும் இருக்கிறது. ஆலையில் அடைத்த மருந்து ஆயிரம் கல்லுக்கு அப்பால், வேறொருவர் கையால் திரி கொளுத்தப்படும்போதுதான் புகையாகிறது. ஆங்கே வடிகட்டி பொருத்த இயலாது. ஆகவே புகையைக் குறைக்க விரும்பும் பட்டாசு உற்பத்தியாளர், மருந்துக் கலவையைத் தீர்மானிக்கும் ஏட்டிலேயே அதனைக் குறைத்தாக வேண்டும். இத்தொழிலில் சுற்றுச்சூழல் மேலாண்மையின் தலைவாயில் அந்த ஏடுதான்.

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியதும், 1940 முதல் பட்டாசு உற்பத்தி இங்கே வேரூன்றியதும் நம் பகுதியில் சிறுவரும் அறிந்த வரலாறு. இன்று மாவட்டத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. நெடுங்காலம் கலவை ஏடு குடும்பச் சொத்தாகவே இருந்தது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், கரித்தூள், நிறத்திற்கான உப்புகள் ஆகியவற்றை எந்த அளவில் சேர்ப்பது என்பதைத் தந்தை மகனுக்கும், பழைய போர்மேன் புதிய போர்மேனுக்கும் கூறி வந்தனர். சூழலைப் பற்றிய சிந்தனை அவ்வேட்டிற்குள் மெல்ல மெல்ல, பெரும்பாலும் அரசாணையாலும் நீதிமன்றத் தீர்ப்பாலும் புகுந்தது. குளோரேட்டைக் கந்தகத்தோடு கலப்பது 1992இல் தடைசெய்யப்பட்டது. உராய்ந்தால் உடனே தீப்பற்றும் கலவை அது. 1999இல் ஒலிக்கு வரம்பு வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியை உற்பத்தி செய்யவோ விற்கவோ கூடாது என்றாயிற்று.

பெருமாற்றம் 2015இல் தொடங்கியது. தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், தூய காற்றுக் கோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று இதனைக் குறிப்பிடுவர். 2017 ஜூலையில் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தின் கூட்டுப்பொருள்களையும் பட்டாசில் சேர்க்கலாகாது என நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் வந்த தீர்ப்பு பேரியம் உப்புகளைத் தடைசெய்தது, சரவெடியைத் தடைசெய்தது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இசைவளித்தது, வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணியாகச் சுருக்கியது. பேரியத் தடையை நீதிமன்றம் 2021 அக்டோபரில் மீண்டும் வலியுறுத்திற்று. 2023 செப்டம்பரில் அதனைத் தளர்த்த மறுத்தது.

பேரியம் நைட்ரேட்டை நம் பகுதியினர் பச்சை உப்பு என்பர். பச்சை ஒளிக்கு மட்டுமன்றிக் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் முதலியவற்றின் வெண்ணொளிக்கும் அது பயன்பட்டது. மருத்துவமனையில் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்குமுன் பேரியத்தைத்தானே குடிக்கக் கொடுக்கின்றனர் என்று வேதியியல் மாணவர் கேட்கக்கூடும். அது பேரியம் சல்பேட்டு. நீரில் கரையாது, உடலில் சேராமல் வெளியேறிவிடும். நீரில் கரையும் பேரியம் உப்புகளோ தசைகளையும் இதயத்துடிப்பையும் தாக்கும் நஞ்சு. ஒரே தனிமம், சேர்ந்திருக்கும் துணையால் மருந்துக்குத் துணையாகவும் நஞ்சாகவும் ஆகிறது.

தீர்ப்பைத் தொடர்ந்து ஆலைகள் 2018 நவம்பர் முதல் சில மாதங்கள் மூடப்பட்டுக் கிடந்தன. பச்சை உப்பு இல்லாமல் எதைச் செய்வது என்று உற்பத்தியாளர்கள் கேட்டனர். பணியாளர்களோ உலையில் எதைப் போடுவது என்று கேட்டனர். அப்பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்ட இயலாமல் வகுப்பிற்கு வராமல் நின்றவர்கள் என் வகுப்பிலேயே இருந்தனர். தில்லிக் குழந்தையின் மூச்சும் ஆமத்தூர்க் குழந்தையின் சோறும் ஒரே தராசில் ஏறிய காலம் அது. எத்தட்டு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று வகுப்பறையில் தீர்ப்புக் கூறும் துணிவு எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமாகிய நீரி, மாற்றுக் கலவைகளை ஆக்கித் தந்தது. 2019 அக்டோபரில் பசுமைப் பட்டாசுகள் முறையாக வெளியிடப்பட்டன. அவற்றுக்கு ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் எனப் பெயரிட்டனர். ஸ்வாஸ் என்றால் மூச்சு, சஃபல் என்றால் வெற்றி. ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்கும். ஸ்டார் வகையில் வெடியுப்பும் கந்தகமும் இல்லை. சஃபல் வகையில் அலுமினியத்தின் அளவைக் குறைத்தனர். துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையவேண்டும் என்பது பசுமைப் பட்டாசுக்கான அடிப்படை. 'பசுமை' என்னும் அடைமொழியைக் கண்டு புகையே வராது என எண்ணுவோர் உளர். எஞ்சிய எழுபதை மறக்கலாகாது. உற்பத்தியாளர் நீரியுடன் ஒப்பந்தம் செய்து, கலவைக்குச் சான்று பெற்று, அதனை வெடிபொருள் பாதுகாப்புக்குப் பொறுப்பான பெசோ அமைப்பிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். பெட்டியின்மேல் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூ.ஆர். குறியீடும் இடம்பெறும். ஆமத்தூருக்கு அண்மையில் ஆனைக்குட்டத்தில் பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருப்பதைப் பலர் அறியார். அர்ச்சுனா நதியின் அணைக்கட்டைக் காண அவ்வூருக்குச் செல்வோரே மிகுதி.

முன்பு நினைவில் இருத்தச் சொன்ன 'வாழ்நாள் நோக்கு' என்பதற்கு நம் மாவட்டத்தில் இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விற்றபின் என் பொறுப்பு முடிந்தது என்று பட்டாசு உற்பத்தியாளர் கூற முடியாத நிலையை அந்த வழக்கு உண்டாக்கியது.

வேலிக்குள்ளே ஒரு நாள்

கலவை ஏடு திருந்திவிட்டால் பணி முடிந்ததாகாது. வேலிக்குள்ளும் காற்றும் நீரும் மண்ணும் உண்டு. அங்கே சூழல்காப்பும் உயிர்காப்பும் ஒன்றையொன்று பிரிக்க இயலாதவை.

நன்கு நடைபெறும் ஓர் ஆலையில் நாள் எவ்வாறு தொடங்குகிறது என்று காண்போம். எரிபொருளாகும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் ஒரு கிடங்கிலும், எரியத் துணைசெய்யும் வெடியுப்பு முதலியன வேறொரு கிடங்கிலும் இருக்கும். வெயில் ஏறுமுன்னரே அன்றைய தேவைக்கு மட்டும் எடைபோட்டு எடுப்பர். கலக்கும் அறையின் வாயிலில் செப்புத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதனைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டே உள்ளே நுழையவேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, உடலில் பருத்தியாடை, இரும்புக் கருவி கூடாது. கலந்த மருந்து சிறுசிறு அளவாக அடுத்த அறைகளுக்குச் செல்லும். மருந்து செலுத்தும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவாதவாறு இடைவெளி விட்டுக் கட்டியிருப்பர். பேருந்திலிருந்து நாம் காணும் அந்த இடைவெளி, நிலம் மலிவாகக் கிடைத்ததால் விடப்பட்டதன்று.

மாலையில் எஞ்சும் கலவைதான் பெருஞ்சிக்கல். கலந்த மருந்தை இரவில் வைத்திருத்தல் ஆகாது. ஈரம் பட்டால் அலுமினியமும் நைட்ரேட்டும் தமக்குள் வினைபுரிந்து மெல்ல மெல்ல வெப்பமேறும். எவரும் தொடாமலே தீப்பற்றக்கூடும். மழைக்காலத்து விபத்துகள் பலவற்றின் வேர் இதுவே. எனவே காலையில் எத்துணை கலப்பது என்னும் கணக்கு பிழையாகாதிருத்தல் வேண்டும். மிகுதியாகக் கலந்தால் மாலையில் அது கழிவாகும். கழிவானால் அதனை எரிக்க வேண்டும். எரித்தால் காற்று கெடும். எரிப்பவர் உயிருக்கும் ஊறு நேரலாம். குறைத்துக் கலப்பது சிக்கனம், பாதுகாப்பு, சூழல்காப்பு ஆகிய மூன்றும் ஒருசேர ஆகிறது. சிமெண்டு ஆலைக்கு வடிகட்டி எப்படியோ, பட்டாசு ஆலைக்கு எடைத்தராசு அப்படி.

அடுத்தது தண்ணீர். பாத்திரம் கழுவிய நீர், தரை கழுவிய நீர், பணிமுடித்தவர் கைகால் கழுவிய நீர் ஆகிய மூன்றிலும் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றைத் தொட்டியில் தேக்கித் தெளியவைத்து, அடிவண்டலைத் தனியே எடுக்கவேண்டும். பேரியம் கலந்த நீரில் சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் முன்னர்க் கூறிய கரையாத பேரியம் சல்பேட்டு படிந்துவிடும். ஆனால் வண்ணப் பட்டாசுகளில் சேரும் பெர்குளோரேட்டு எளிதில் படியாது. நீரோடு நீராகப் போய்விடும். குடிநீரில் மிகுந்தால், தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதை அது தடுக்கும். தென்னிந்தியப் பட்டாசுத் தொழிற்பகுதி நிலத்தடி நீரில் பெர்குளோரேட்டு கலந்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. பட்டாசு என்றதும் நாம் காற்றையே பேசுகிறோம். கிணற்றைப் பேசுவோர் குறைவு.

தாள், அட்டை, குழாய் வெட்டுத்துண்டுகள் ஆகியன மருந்து படியாதவை எனின் பழைய தாள் கடைக்கும், அங்கிருந்து ஆலைக்கும் சென்று மீண்டும் தாளாகும். மருந்து படிந்தவற்றை அவற்றோடு கலத்தல் பெரும்பிழை. இரண்டு கூடைகள் வைத்து, எது எந்தக் கூடைக்கு என்று பணியாளருக்குப் பழக்கிவிட்டால் தீரும் செய்தி இது. செலவும் மிகக் குறைவு. ஆயினும் இதுவே அடிக்கடி தவறுகிறது. மருந்து படிந்த கழிவைச் சிறு அளவாக, கட்டடங்களுக்கு அப்பால் அதற்கென ஒதுக்கிய குழியில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் அழிக்கவேண்டும்.

என் சிறுவயது நினைவொன்று இங்கே எழுகிறது. எங்கள் தெருவிற்குப் பின்புறம் ஓடை ஒன்று இருந்தது. தீபாவளிக்குப் பிந்திய வாரங்களில் யாரோ வண்டியில் கொண்டுவந்து கழிவுக் குழாய்களைக் கொட்டிச் செல்வர். வெடிக்காத மருந்து அவற்றில் ஒட்டியிருக்கும். சிறுவர்களாகிய எங்களுக்கு அது புதையல். உரித்துச் சேர்த்த மருந்தை ஒருநாள் தீப்பெட்டிக்குள் திணித்தோம். எங்களுள் மூத்தவன் கொளுத்தினான். அவனுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. எங்கள் அத்தா என்னை அடித்தார். அவன் வீட்டார் மருத்துவமனைக்கு அலைந்தனர். கழிவை அங்கே கொட்டியது யார் என்று ஊரில் எவரும் கேட்டதாக நினைவில்லை. இரண்டு கூடை இல்லாத ஆலை ஒன்றின் கணக்கு எங்கள் தெருவில் தீர்க்கப்பட்டது.

பொறுப்பு யாருடையது?

பட்டாசு ஆலைகள் ஒரே தரத்தன அல்ல. மாவட்ட வருவாய் அலுவலர் வழங்கும் உரிமம், சென்னை உரிமம், நாகபுரி உரிமம் என மூன்று படிகளை நம் பகுதியினர் கூறுவர். முதற்படியில் ஒரே வேளையில் 15 கிலோ வரையே கையாளலாம். நாகபுரி உரிமம் பெற்ற ஆலையில் மேலாளர், வேதியியல் பட்டதாரிகள், போர்மேன்கள், பயிற்சித் திட்டம் ஆகியன இருக்கக்கூடும். பதினைந்து கிலோ ஆலையில் உரிமையாளரே மேலாளர், அவரே கணக்கர், அவரே சுற்றுச்சூழல் அலுவலர். ஐ.எஸ்.ஓ. நெறி கூறும் அனைத்தையும் தனித்தனிக் கோப்புகளாக அவரிடம் எதிர்பார்ப்பது நடைமுறை அறியாமை. கலவை ஏடு, எடை ஏடு, கழிவு ஏடு ஆகிய மூன்றும் உண்மையாக இருந்தால் போதும். அந்நெறியின் சாரம் அவற்றில் அடங்கிவிடும் என்பது என் கருத்து.

உரிமம் பெற்றவர் அறைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடும்போது இம்மூன்று ஏடுகளும் பொருளற்றுப் போகின்றன. ஒரே வேலிக்குள் நால்வர் நான்கு கலவை கலப்பர். அடுத்த அறையில் என்ன உள்ளது என்று இந்த அறைக்குத் தெரியாது. உரிமத்தில் பெயருள்ளவர் ஊரில் இருக்கமாட்டார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உள்குத்தகைச் சிக்கல் அப்போது பெரிதும் பேசப்பட்டது. விபத்தைச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் ஏன் விசாரிக்கிறது என்று வியந்தோர்க்கு, வேலிக்குள் இரண்டும் ஒன்றே என மேலே கூறியது விடையாகும்.

பணியாளரை, குறிப்பாகப் பெண்களை, இம்முறையில் எங்கே வைப்பது? பயிற்சி பெறுவோர் பட்டியலில் மட்டும் வைத்தல் போதாது. மருந்தின் நிறம் மாறியிருப்பதையும், கை வழக்கத்திற்கு மாறாக எரிவதையும், இன்று கலவை மிகுதி என்பதையும் முதலில் அறிபவர்கள் அவர்களே. ஆனால் கட்டணக் கூலி முறையில், எத்தனை குழாய் நிரப்பினார் என்பதற்கே ஊதியம். கையை நிறுத்திவிட்டுக் குறை சொல்லச் சென்றால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். முதலில் குறிப்பிட்ட மாணவரின் தாயாரிடம் இதுபற்றிக் கேட்டேன். "சொன்னாக் கேட்பாங்க சார். சொல்லப் போற நேரத்துக்கு யாரு கூலி குடுப்பா?" என்றார். குறை கூறுவதற்குச் செலவாகும் நேரத்திற்கும் கூலி உண்டு என்று ஓர் ஆலை எழுதிவைக்குமாயின், அவ்வொரு வரிக்கு நான் பெருமதிப்பளிப்பேன்.

இறுதியாக ஒரு செய்தி. எங்கள் துறையில் பயின்று பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், வேறு வேலை கிடைக்காமையால் பட்டாசு ஆலையொன்றில் பதிவேடு எழுதச் சேர்ந்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதற்காகவே எடுத்தார்களாம். சேர்ந்த இரண்டாம் மாதம் கல்லூரிக்கு வந்து, துறை அறையில் எவரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் பேசினார். ஆய்வுக்கு அதிகாரிகள் வரவிருப்பதால், வரும் மாதத்திற்கான எடைக் கணக்கையும் கழிவுக் கணக்கையும் முன்கூட்டியே எழுதி முடிக்கச் சொல்கிறார்கள் என்றார். "எண்ணெல்லாம் அழகா இருக்கணுமாம் ஐயா. ஒரே மாதிரியும் இருக்கக் கூடாதாம்."

என்ன கூறுவது? வேலையை விட்டுவிடு என்று கூறுதல் எனக்கு எளிது. அவர் வீட்டில் தங்கைகள் இருவர் படித்துக்கொண்டிருந்தனர். "எழுதத்தான் வேண்டுமென்றால் பென்சிலால் எழுது. அன்றன்று எடைபோட்ட பிறகு மையால் எழுது. இரண்டும் வேறுபட்டால் போர்மேனிடம் காட்டு" என்றேன். அறிவுரை சரியா என்று அன்றிரவு முழுவதும் ஐயுற்றேன். பென்சில் எழுத்தை அழிக்காமல் மையால் எழுதியிருக்கிறார். முதல் வாரத்திலேயே வேறுபாடு புலனாயிற்று. கலந்ததும் நிரப்பியதும் கணக்கில் ஒத்துவரவில்லை. நாள்தோறும் சில கிலோ எங்கோ போய்க்கொண்டிருந்தது. போர்மேன் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கலக்கும் அறைக்குச் சென்றாராம். அம்மாதம் முதல் காலைக் கலவையின் அளவு குறைந்தது. ஆனால் மேலாளர் பென்சில் எழுத்துகளைக் கண்டு சினந்ததால், மாணவர் மூன்றாம் மாதம் வேலையை இழந்தார்.

இப்போது வேறோர் ஆலையில் இருக்கிறார். சென்ற ஐப்பசியில் அவ்வழியே சென்றபோது இறங்கிப் பார்த்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அலுவலக மேசைமேல் ஏடு திறந்து கிடந்தது. முதல் நாள் வரை எண்கள் வரிசையாக இருந்தன. அன்றைய தேதிக்கு நேரே எண் எதுவும் இல்லை, அதே அழகிய கையெழுத்தில், "மழை. கலவை இல்லை" என்று எழுதியிருந்தார்.